டிக்‌ஷனரிக்கு வரிசை வந்த கதை

2013 வாக்கில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஆபீஸில் இருந்தேன். பைத்தான் 3.3 போட்டதும், ரிப்போர்ட் வரிகள் ஒவ்வொரு ரன்னுக்கும் இடம் மாறின. ராத்திரி முழுக்க எங்கள் கோடில்தான் தப்பைத் தேடினோம்.

காரணம் வேற. ஒரே கட்டத்தில் விழும் சாவிகளாக அனுப்பி சர்வரை முடக்கலாம் என்று 2011 டிசம்பரில் காட்டினார்கள். அதனால் 3.3 ஹாஷை ஒவ்வொரு தடவையும் கலைத்தது.

அப்போது 64 பிட்டில் காலிக் கட்டமும் 24 பைட் பிடிக்கும். ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-ல் சொன்ன யோசனை நம்ம ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்ட் மாதிரி: வண்டிகளை வந்த வரிசையில் நெருக்கி விடு, காலி இடம் நம்பர் பலகையில் மட்டும் இருக்கட்டும். 8 கட்டம், 3 பதிவு என்றால் 192 பைட் 80 ஆகும். 2016-ல் இனாடா நவோகி இதை 3.6-ல் கொண்டுவந்தார். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் வரிசை இலவசமாக வந்தது, 2018-ல் 3.7 அதை விதியாக்கியது.

அன்று போட்ட சார்ட் வரியை நான் இன்னும் அழிக்கல. பழைய பயம்!