பட்டில் நெய்த தலைவர்கள்

அரும்பொருள் திரட்டுவோர் விரும்பித் தேடுவனவற்றுள் பட்டில் நெய்யப்பட்ட அரசியல் தலைவர்களின் உருவப்படங்களும் அடங்கும். அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பாரின் ஆலையில் உருவான ‘ஸ்டீவன்கிராஃப்’ படங்களாகும். அழகு கருதி அவற்றைப் போற்றுவோர் பலர். நாம் அவற்றை உழைப்பின் வரலாற்றுச் சான்றுகளாகவும் காண வேண்டும்.

கவென்ட்ரி, பட்டு ரிப்பன் நெசவால் வாழ்ந்த நகரம். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பட்டின்மீதிருந்த இறக்குமதி வரி நீங்கியது. பிரெஞ்சு ரிப்பன்கள் வந்து குவிந்தன. அதே ஆண்டில் கூலிப் பட்டியலைக் காக்க நெசவாளர் நடத்திய வேலைநிறுத்தமும் தோல்வியுற்றது. தறிகள் ஓய்ந்தன, குடும்பங்கள் பசியில் வாடின, பலர் நாட்டைவிட்டே குடிபெயர்ந்தனர்.

அந்நெருக்கடியில் ஸ்டீவன்ஸ் ஜக்கார்டு தறியைப் புதிய பணிக்குத் திருப்பினார். ஊடை ஓடும் ஒவ்வொரு முறையும் எந்தெந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானிக்கும். அவ்வாறு வண்ணப் பட்டில் உருவங்கள் எழுந்தன. 1860-களில் புத்தகக் குறிகள் வெளிவந்தன. 1879 முதல் சுவரில் மாட்டும் படங்கள் வந்தன. டிஸ்ரேலியும் கிளாட்ஸ்டனும் பட்டில் இடம்பெற்றனர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 1860-இல் அவ்வுடன்படிக்கையின் வரிக்குறைப்பை வரவு செலவுத் திட்டத்தில் கொணர்ந்த நிதியமைச்சர் கிளாட்ஸ்டனே! எவருடைய திட்டம் தறிகளை ஓயச் செய்ததோ, அவருடைய முகத்தையே அந்நகரத் தறி பின்னர் நெய்தது. வயிற்றுக்கு வேலை வேண்டியவன் எவர் முகத்தை நெய்வது என்று தேர்ந்தெடுக்க இயலுமா?

படத்தில் தலைவரின் பெயர் உண்டு. அட்டையில் ஆலை உரிமையாளரின் பெயர் உண்டு. நெய்தவரின் பெயர் இல்லை. லியோன் நகரில் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு 1839-இல் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படத்தை நெய்தவர் கார்க்கியா என்று நாம் அறிவோம். அத்தகைய பேறு கவென்ட்ரி நெசவாளர்க்கு வாய்க்கவில்லை.

1940 நவம்பரில் நிகழ்ந்த குண்டுவீச்சில் ஸ்டீவன்ஸ் ஆலை அழிந்தது. ஆதலால் எஞ்சியுள்ள படங்களும் அவற்றின் பின்புறம் ஒட்டிய விவரச் சீட்டுகளும் இன்று முக்கியச் சான்றுகளாக விளங்குகின்றன. பட்டை அதன் மூல அட்டையினின்று பிரிப்பவர் அச்சான்றையும் சிதைத்துவிடுகிறார்.

இளைஞர்களே! எப்பொருளைத் திரட்டினும் அதிலுள்ள முகம் யாருடையது என்பதோடு நின்றுவிடாதீர். அதைச் செய்த கை யாருடையது என்றும் கேளுங்கள். விடை கிடைத்தால் எழுதி வையுங்கள். பெயரற்றுப் போன உழைப்பாளர்க்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.