பாலர்களே பாடம் சொன்ன கதை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் கோவில் வரலாற்றை எழுதுவேன் என்றுதான் அவர்கள் எண்ணியிருப்பார்கள். கோவில் கட்டிய வரலாறும், மணிக்கூண்டு எழுந்த வரலாறும், இங்குப் பணியாற்றிய குருக்களின் வரிசையும் இம்மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. நான் எழுத விரும்புவது கோவிலுக்குத் தென்புறம் ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் நம் பாலர் பள்ளியை ஒட்டிய ஒரு செய்தியைப் பற்றி. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் அந்தப் பணியை எங்கே கற்றுக்கொள்கிறார்கள், யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே அது.

"சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்ன படிப்பு வேண்டும், சாமி? பெண்ணாய்ப் பிறந்தாலே போதாதா?" என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல மனிதர். பள்ளிக்குச் செலவு குறையட்டும் என்ற எண்ணத்தில்தான் கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உரோமை நகரில் இரயில் பாதைகளுக்கு அருகே சான் லொரென்சோ என்றொரு பகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே அவசர அவசரமாக மாடி வீடுகள் எழுந்தன. கட்டியவர்கள் நொடித்துப் போனதால் பல வீடுகள் பாதியில் நின்றன. ஏழைகள் அவற்றில் குடியேறினார்கள். பின்னர் ஒரு கட்டட நிறுவனம் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு, வெள்ளையடித்து, உழைக்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து புதுச் சுவர்களைக் கிறுக்கி அழுக்காக்கினார்கள். நிறுவனத்தின் தலைவர் எதுவார்தோ தாலமோ ஒரு யோசனை செய்தார். இந்தக் குழந்தைகளை ஓர் அறையில் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்டால் சுவர் பிழைக்கும்! ஆகவே, குழந்தைகளுக்காக என்பதைவிடச் சுவருக்காகப் பிறந்த பள்ளி அது என்று சொன்னால் மிகையாகாது. நம் பக்கத்திலும் சில நல்ல காரியங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

அந்த அறையை நடத்தும் பொறுப்பு மரியா மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது. 1870ஆம் ஆண்டு இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தவர். 1896இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே சில ஆண்டுகள் பணியாற்றி, அவர்கள் கையால் தொட்டுப் பழகும் மரக் கருவிகள் பலவற்றை உருவாக்கியிருந்தார். 1907 சனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, மார்சி தெருவில் அந்தக் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது. மூன்று வயது முதல் ஆறேழு வயது வரை ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள். எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகள். அழுது கொண்டும் அஞ்சிக்கொண்டும் வந்தவர்கள்.

அம்மையாருக்கு வேறு பணிகள் இருந்ததால் நாள் முழுவதும் அங்கேயே இருக்க இயலாது. ஆகவே, காந்திதா நூச்சித்தெல்லி என்ற பெண் பொறுப்பேற்றார். அவர் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். அந்த நாட்களில் தமக்கு உதவிய பெண்ணை அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூரும்போது, கட்டடக் காவலாளியின் மகள் என்றும், உழைத்துப் பிழைத்த எளிய பெண் என்றும் பலவாறாகச் சொல்லியிருக்கிறார். பொறுப்பாளர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாலையில் பள்ளி முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதில்லை. பிள்ளையின் தாய் மாடிப்படியில் எதிரே வருவாள். வாரம் ஒரு முறையாவது தாய் வந்து பொறுப்பாளருடன் பேச வேண்டும் என்பதும் விதிகளில் ஒன்று.

பயிற்சி இல்லாத பெண் கிடைத்ததை அம்மையார் குறையாகக் கருதவில்லை, நல்லதென்றே கருதினார். பயிற்சி பெற்ற ஆசிரியை என்றால், பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, வாயைப் பொத்தச் சொல்லி, பரிசுக்கும் தண்டனைக்கும் பழக்கிவிடுவார். இந்தப் பெண்ணுக்கோ மறக்கவேண்டிய பாடம் எதுவும் இல்லை. கருவிகளை எப்படிக் காட்டுவது என்பதை மட்டும் அம்மையார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இதன் பின் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்தப் பெண் கருவிகளை அலமாரியில் பூட்டிவைத்திருப்பார். நேரம் வந்ததும் எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் வாங்கித் தாமே உள்ளே வைப்பார். அப்படி வைக்கப் போகும்போது குழந்தைகள் இடத்தை விட்டெழுந்து அவர் பின்னாலேயே வந்து நிற்பார்கள். "போய் உட்கார்" என்பார். மறுபடியும் வருவார்கள். பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று அம்மையாரிடம் முறையிட்டார். அம்மையார் வந்து சும்மா நின்று பார்த்தார். பிள்ளைகள் அடம் பிடிக்கவில்லை. பொருளை அதன் இடத்தில் தாங்களே வைக்க ஆசைப்படுகிறார்கள் என்று தெரிந்தது. அன்று முதல் அந்த வேலை பிள்ளைகளுடையதாயிற்று.

இன்னொரு நாள் அந்தப் பெண் சற்றுத் தாமதமாக வந்தார். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஆளுக்கொரு கருவியை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வேலையில் இறங்கிவிட்டார்கள். திருட்டுப் புத்தி வந்துவிட்டது, கண்டிக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். அம்மையார் வேறு விதமாகப் பார்த்தார்: எது எங்கே இருக்கிறது, தனக்கு எது வேண்டும் என்பது இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதே! பூட்டிய அலமாரி போய், பிள்ளையின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரி வந்தது. இன்று உலகெங்கும் பாலர் பள்ளிகளில் காணும் அந்தத் தாழ்ந்த தட்டுகள், ஒரு பெண்ணின் மறதியிலிருந்து வந்தவை.

இங்கே இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, வேலையில் இருந்துகொண்டே பழகினால் பயிற்சியில்லாத எளிய பெண்ணும் நல்ல பராமரிப்பாளராவார் என்பது. மற்றொன்று, அவர் தனியே விடப்படவில்லை என்பது. அவர் செய்த தவற்றைப் பார்த்துத் திட்டாமல், அருகே நின்று, "அவன் ஏன் அப்படிச் செய்தான், பார்ப்போம்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். முதல் செய்தியை உலகம் விரைவாகப் பிடித்துக்கொண்டது, ஏனெனில் அது மலிவு. இரண்டாவதற்குச் செலவும் பொறுமையும் தேவை.

நிற்க. உரோமையில் இன்னொரு வீட்டையும் சொல்லியாக வேண்டும். 1908 டிசம்பர் 28ஆம் நாள் சிசிலித் தீவின் மெசினா நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. இடிபாடுகளில் தனியே கிடந்த, பெயர்கூடத் தெரியாத சுமார் அறுபது குழந்தைகள் உரோமையில் ஜியுஸ்தி தெருவிலிருந்த மரியாயின் பிரான்சிஸ்குச் சபைக் கன்னியர் மடத்திற்குக் கொண்டுவரப்பட்டார்கள். அச்சத்தால் பேச்சடங்கி, உண்ணாமல், உறங்காமல், இரவெல்லாம் அழுத பிள்ளைகள். அந்தக் கன்னியரில் உயர்குடியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். மேசையில் பண்பாக உண்பது, பரிமாறுவது போன்றவற்றை அவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நாளடைவில் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள், உண்டார்கள், உறங்கினார்கள். அந்த மடத்திலேயே அம்மையார் ஆசிரியைகளுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடத்தினார். பயில வந்தவர்கள் குழந்தைகளை நேரில் கண்டு கற்றார்கள்.

இந்தக் கன்னியர் சபை பிறந்த இடம் எது தெரியுமா? நம் நீலகிரி! மதுரை மறைமாநிலத்தில் பணியாற்ற வந்த பிரெஞ்சுக் கன்னிகை அன்னை மரிய பாசியோன், உதகமண்டலத்தில் தொடங்கிய சபை அது. அதற்குத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அனுமதியளித்த நாளும் ஒரு சனவரி 6தான், ஆண்டு 1877. சான் லொரென்சோ இல்லம் திறப்பதற்குச் சரியாக முப்பது ஆண்டுகளுக்கு முன். இதற்கு நான் பொருள் கூறப்போவதில்லை. எண்ணி மகிழ்ந்தேன், அவ்வளவே.

அம்மையாரும் நம் நாட்டுக்கு வந்தார். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தபோது அவருக்கு வயது 69. ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறக்குறைய முந்நூறு பேர் பயில வந்தார்கள். அவர் இத்தாலியில் பேசுவார். மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. ஆகஸ்டு 31ஆம் நாள் தாயின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அவரை விடுவித்தது. பிறகு 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியபோது, இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே துணையிருக்க, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, செடி கொடிகளையும் பூச்சிகளையும் பார்த்துப் பழகவிட்டு, தாமும் புதிதாகக் கற்றார். எழுபதைத் தாண்டியவர் இன்னும் பிள்ளைகளிடம் படித்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் பயின்றவர்களுக்குக் கடினமாக இருந்தது கருவிகளைக் கற்பது அன்று. ஒரு மூலையில் அமர்ந்து, வாய் திறவாமல், கை நீட்டாமல், பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது. அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. பிள்ளைகள் நடுவே இருந்துதான் பழக வேண்டும். இன்று நம் ஊர்களில் தெருவுக்கொரு "மாண்டிசோரி" பெயர்ப்பலகை தொங்குகிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் போலும்! உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளை கைகட்டி, வாய்ப்பாடு ஒப்பிக்கிறது.

அவருடைய முறையை நம் நாட்டு மண்ணுக்கு ஏற்றபடி மாற்றியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். தாராபாய் மோடக் (1892–1973) குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் பாலர் பள்ளிப் பணி செய்தவர். 1945இல் மகாராட்டிரத்தில் போர்டி என்ற சிற்றூரில் கிராமக் குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். அங்கே துணைக்கு வந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணம் முடித்து, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, அதன் பிறகு படித்து ஆசிரியையானவர். புனே நகரப் பள்ளி வேலையை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதில், சிறு குழந்தைகளிடம் பழகும் பணியை தாராபாயின் அருகிலிருந்து அடியிலிருந்து கற்றார். விலையுயர்ந்த கருவிகள் கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே கூழாங்கல், விதை, இலை, களிமண் இவையே கருவிகளாயின. 1957இல் கோஸ்பாட் குன்றுக்குச் சென்றார்கள். அங்குள்ள பழங்குடிப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. சரி, பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்று போனார்கள். மராத்தியில் அங்கண் என்றால் முற்றம். அதிலிருந்து வந்ததுதான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவண் அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. நம் பங்கிலும் அன்றாடம் சொல்லும் சொல் அது. அந்த மையங்களில் பிள்ளைக்கு உணவூட்டி, எடை போட்டு, பாட்டுச் சொல்லி, ஏடுகளையும் நிரப்பும் பெண்களுக்கு நடுவண் அரசு தருவது "மதிப்பூதியம்"தான்.

இவ்வளவும் எழுதியவன் ஒரு காலத்தில் எப்படி நடந்துகொண்டான் என்பதையும் சொல்ல வேண்டும். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஒரு கிராமப் பங்கில் பாலர் பள்ளி தொடங்கினேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தியை நியமித்தேன். ஓர் அறை, ஒரு கரும்பலகை, நாற்பது பிள்ளைகள். சாவியைக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தப் பெண் அடிக்கிறாள் என்று புகார் வந்தது. கூப்பிட்டுக் கண்டித்தேன். மறுவாரம் சாவியை மேசையில் வைத்து, "எனக்குத் தெரியல சாமி, யாரும் சொல்லித் தரல" என்று சொல்லி அழுதுவிட்டுப் போனாள். அவள் சொன்னது உண்மை. எனக்கு ஒன்பது ஆண்டுகள் குருமடத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அவளுக்கு நான் ஒன்பது நாள்கூடக் கொடுக்கவில்லை.

நம் பாலர் பள்ளியின் ஆயாம்மாவைப் பார்த்துத்தான் நான் இதைத் திருத்திக்கொண்டேன். சூன் மாதம் முதல் வாரம், பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு பையன் வாசலில் நின்று கதறிக்கொண்டிருந்தான். தூக்கப் போனேன். "விடுங்க சாமி, கிட்ட போனா இன்னும் அழுவான்" என்றார். அவனுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்து, அவனைப் பாராமலே புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவில் ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார். டக், டக் என்று சத்தம். கால் மணி நேரத்தில் பையன் அருகே வந்து குந்திக்கொண்டான். இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "எங்க கத்துக்கிறது? இருபது வருசமா அதுங்ககூடத்தான இருக்கேன்" என்றார்.

இப்போது புதிதாக வரும் எந்தப் பெண்ணுக்கும் முதல் ஒரு மாதம் வகுப்பு கிடையாது. சம்பளம் உண்டு. அவள் செய்யவேண்டியது ஆயாம்மாவின் அருகே அமர்ந்து பார்ப்பது. மாலையில் பிள்ளைகள் போன பிறகு, கண்டதை நம் சகோதரியிடம் சொல்ல வேண்டும்; சகோதரி அரைமணி நேரம் பேசுவார். பேரவையில் கேள்வி கேட்ட அன்பருக்கு, அந்த ஒரு மாதச் சம்பளம் கணக்கேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் காட்டத் தயாராக இருக்கிறேன். இந்த ஆண்டு வந்திருக்கும் பெண் பக்கத்துத் தெருதான். முதல் நாள் மாலை என்ன பார்த்தாய் என்று சகோதரி கேட்டதற்கு, "ஒன்றும் நடக்கவில்லை சிஸ்டர்" என்றாளாம். பத்தாம் நாள் அவள் சொல்லி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.