பத்தாயிரம் டாலரும் ஒரு வீடும்: லொரேன் ஹான்ஸ்பெரியின் நாடகத்தில் குடும்பக் கனவுகளும் சிகாகோ நகர வரலாறும்

லொரேன் ஹான்ஸ்பெரி (1930–1965) எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்' (வெயிலில் ஓர் உலர்திராட்சை) என்னும் நாடகம் 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் எதெல் பேரிமோர் அரங்கில் மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிப் பிராட்வேயில் நிகழ்த்தப்பட்ட முதல் நாடகம் இதுவே. வறிய குடும்பம் ஒன்றின் உட்பூசலாகவே இது பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும் போதாது. அக்குடும்பத்தாரின் கனவுகள் தம்முள் மோதுவதற்கான காரணத்தைப் பாத்திரங்களின் இயல்பில் மட்டுமன்றி, சிகாகோ நகரின் குடியிருப்பு வரலாற்றிலும் தேடவேண்டியுள்ளது.

நாடகக் களம் சிகாகோவின் தென்பகுதியில் உள்ள ஓர் இடுங்கிய வாடகைக் குடியிருப்பு. கழிப்பறையை அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். பேரன் டிராவிஸ் கூடத்துச் சாய்விருக்கையில் உறங்குகிறான். மகன் வால்டர் லீ செல்வர் ஒருவரின் கார் ஓட்டுநர். மருமகள் ரூத் பிறர் வீடுகளில் பணி செய்பவள். மறைந்த தந்தையின் காப்பீட்டுத் தொகையாக 10,000 டாலர் வரவிருக்கிறது. வால்டர் மதுக்கடை வைக்க விரும்புகிறான். தங்கை பெனீதா மருத்துவராக விழைகிறாள். தாய் லீனா வீடு வாங்க எண்ணுகிறாள். ஓர் உயிர் போனதால் வந்த பணம் என்பதை லீனா ஒருபோதும் மறப்பதில்லை.

லீனா 3,500 டாலரை முன்பணமாகச் செலுத்தி, வெள்ளையர் மட்டும் வாழும் கிளைபோர்ன் பார்க் என்னும் பகுதியில் வீடு வாங்குகிறாள். புரட்சி நோக்கம் ஏதும் அவளுக்கு இல்லை. கறுப்பினத்தவர்க்கெனக் கட்டப்படும் வீடுகளின் விலை மற்றவற்றைப்போல் இருமடங்காக உள்ளது என்பதே அவள் கூறும் காரணம். நாடகத்தின் திறவுகோல் இக்கூற்றில்தான் உள்ளது. நகரின் பெரும்பகுதி அடைக்கப்பட்டிருந்தமையால், தெற்கிலிருந்து பெருந்திரளாகக் குடிபெயர்ந்து வந்தோர் குறுகிய எல்லைக்குள் நெருக்கப்பட்டனர். வாடகையும் விலையும் உயர்ந்தன. அதே 10,000 டாலர் வெள்ளையர் கையில் இருந்திருப்பின் கூடுதலாக வாங்கியிருக்கும். யங்கர் குடும்பத்திலோ ஒருவர் கனவு மற்றொருவர் கனவைத் தின்றே வளரவேண்டியதாயிற்று. எஞ்சிய 6,500 டாலரில் பெனீதாவின் படிப்புக்கென ஒதுக்கிய 3,000 டாலரையும் சேர்த்து வால்டர் நண்பனிடம் கொடுத்து ஏமாறுவதை வெறும் பொறுப்பின்மையாகக் கொள்வது அவனுக்கு நீதியாகாது.

இவ்வரலாறு ஆசிரியரின் இல்லத்திலேயே நிகழ்ந்தது. தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவர்க்கு விற்பதைத் தடுக்கும் உரிமையாளர் உடன்படிக்கையைக் காட்டி அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரி தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் முந்தைய வழக்கொன்றின் தீர்ப்பு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. இத்தகைய உடன்படிக்கைகள் செல்லுமா என்ற வினாவை நீதிமன்றம் தொடவில்லை. அவற்றை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்பது 1948இல், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில்தான் உறுதியாயிற்று.

நாடகத்தில் வரும் லிண்ட்னரை இப்பின்னணியில் நோக்கவேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் பெயரால் வரும் அவர் கையில் வழக்கு ஆவணம் இல்லை. வீட்டைக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பணிவுடன் பேசுகிறார். சட்டத்தின் துணை போனபின் எஞ்சியவை பணமும் அச்சுறுத்தலுமே. சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் 1951இல் ஒரு கறுப்பினக் குடும்பம் குடியேற முயன்றபோது வெடித்த கலவரத்தை அன்றைய பார்வையாளர் மறந்திருக்க இயலாது.

மற்றொன்றையும் விட்டுவிடலாகாது. ஹான்ஸ்பெரி குடும்பம் வறியதன்று. பெரிய குடியிருப்புகளைச் சமையல் வசதியுடன் கூடிய சிற்றறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடும் தொழிலில் கார்ல் பொருளீட்டினார். யங்கர் குடும்பத்தார் வாழும் நெருக்கடியான வாழ்வை அவர் மகள் வாடகைக்காரர் பக்கம் நின்று எழுதினார் என்பது நாடகத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. அதன் கூர்மையை விளக்கவே உதவுகிறது.

பணம் போனபின் லிண்ட்னரின் விலைக்கு இணங்க முற்படும் வால்டர், மகன் முன்னிலையில் அதை மறுக்கிறான். குடும்பம் புறப்படுவதோடு நாடகம் முடிகிறது. புதிய வீட்டில் முதல் இரவு காட்டப்படுவதில்லை. கார்ல் வழக்குக்காக வெளியூர் சென்றிருந்த நாட்களில், தம் தாய் கைத்துப்பாக்கியுடன் இரவு முழுதும் வீட்டைக் காவல் காத்ததை ஹான்ஸ்பெரி பின்னாளில் ஒரு கடிதத்தில் பதிவு செய்துள்ளார்.