பழவேற்காடு: கைலியில் மிஞ்சிய ஊர்

பால்மைராவைப் பத்தி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. சிரியா பாலைவனத்துல, ஒட்டகச் சரக்குக்குச் சுங்கம் வாங்கியே பணக்காரனான ஊர். 2015ல் அங்கே பழைய கோவிலை வெடி வெச்சுத் தகர்த்தப்ப உலகமே பதறுச்சு. எங்க கும்மிடிப்பூண்டிக்கு நேர் கிழக்கேயும் அப்படி ஒரு வியாபார ஊர் இருந்துச்சுன்னு ஆபீஸ்ல சொன்னா, "பழவேற்காடா? அங்கே இறால் நல்லாயிருக்கும்" என்கிறார்கள்! ஒட்டகத்துக்குப் பதில் கப்பல், அவ்வளவுதான் வித்தியாசம்.

டச்சுக்காரர்கள் 1610ல் விஜயநகர அரசர் வெங்கடரின் அனுமதியோடு இங்கே கிடங்கு போட்டார்கள். 1612ல் போர்ச்சுகீசியர் வந்து அதை அழிக்க, 1613ல் கோட்டையே எழுப்பிவிட்டார்கள். பெயர் கெல்ட்ரியா. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகரம்.

இத்தனை அடிதடி எதுக்கு? துணிக்கு! கிராம்பும் ஜாதிக்காயும் விளையுற தீவுகள்ல நம்ம ஊர்த் துணிக்கு ஏக மவுசு. அதனால ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளியும் தங்கமும் இங்கே துணியாச்சு, துணி அங்கே போய் மசாலாவாச்சு. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்னைக்கும் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட்னா பழவேற்காடேதான். மெக்சிகோவில் கழுத்துல கட்டுற கைக்குட்டைக்குப் பெயர் 'பாலியகாத்தே'. அதுவும் நம்ம ஊர்ப் பெயர்தான். எங்கே மெக்சிகோ, எங்கே பொன்னேரி!

இதோட நிறுத்திட்டா பெருமைக் கதை. ஆனா இதே துறையிலிருந்து மனுசங்களையும் ஏத்தினாங்க. பஞ்ச காலத்துல வயித்துக்கு வழியில்லாம விலை போன ஜனங்க, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கு அடிமைகளாய்ப் போனார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்துல இதை நான் படிச்சதா ஞாபகம் இல்லை.

1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. வியாபாரமெல்லாம் அதுக்கு ரொம்ப முன்னாடியே மெட்ராஸ் பக்கம் நகர்ந்தாச்சு. இப்போ டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. கல்லறைக் கல்லுல பெயர், தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் அழகா செதுக்கியிருக்கு. துணி நெய்தவர்களுக்கும் கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் ஒரு கல்லும் கிடையாது. வியாபாரிகளை விட அவர்களைத்தான் எனக்குத் தேடத் தோணுது.

போறதா இருந்தா பொன்னேரியிலிருந்து பஸ் இருக்கு. கல்லறை வாசல்ல செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டைப் போட்டோ எடுத்துட்டு அப்படியே இறால் சாப்பிடப் போயிடாதீங்க. கோட்டை இருந்த இடத்தையும் ஒரு எட்டு பாருங்க. புதர்தான் மண்டியிருக்கும், செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க.