இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையும் ஆய்வகக் குறிப்புகளும்

கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் (1931–1981) இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமானவர் ஆவார். இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த 70 நாள்களில், 1978 அக்டோபர் 3 அன்று இக்குழந்தை பிறந்தது. எட்டு செல் நிலையில் இருந்த கருவை அவரது குழு 53 நாள்கள் உறையவைத்துப் பின்னர் கருப்பையில் செலுத்தியது.

மேற்கு வங்க அரசு அமைத்த குழு இச்சாதனையை ஏற்கவில்லை. 1981 சூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

1986 ஆகத்து 6 அன்று மும்பை கே. ஈ. எம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையே முதலாவதாகக் கருதப்பட்டது. அதற்குக் காரணமானவர்களுள் ஒருவரான அறிவியலாளர் டி. சி. ஆனந்த குமார், முகோபாத்யாயின் ஆய்வுக் குறிப்புகளைப் படித்து, அவரே முன்னோடி என 1997இல் எழுதினார்.

கருத்தரிப்பு மையங்கள் பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என 2021ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது.