ஆர்பத்நட் வீழ்ச்சியும் இராமநாதபுரத்தார் முதலீடும்

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நட் நிறுவனம் கதவடைத்தது. உயர்ந்த வட்டியை நம்பி ஓய்வூதியக்காரரும் சிறு சேமிப்பாளரும் அங்கே பணம் இட்டிருந்தனர். ஆங்கிலேயர் பெயரே போதிய ஈடு என எண்ணினர் போலும்! அது பங்காளிகளின் கூட்டு வாணிபமாகையால், அதன் கணக்கைப் பொதுவில் கேட்பார் இல்லை. 1907இல் சர் ஜார்ஜ் ஆர்பத்நட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆயினும் வைப்பாளரைக் காக்கும் வங்கிச் சட்டம் உடனே பிறக்கவில்லை.

அமெரிக்காவிலோ 1907ஆம் ஆண்டுப் பணநெருக்கடி தேர்தல் மேடைக்கே வந்துவிட்டது. 1911இல் கான்சாஸ் மாநிலம் பங்குப் பத்திர விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1913இல் மத்திய ரிசர்வ் அமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. அங்கே உழவர் கையில் வாக்கு இருந்தது. இங்கே இழந்தவர் கையில் அது இல்லை. வேறுபாட்டின் வேர் இதுவே எனக் கருதுகிறோம். நம் ரிசர்வ் வங்கி 1935இல்தான் தொடங்கிற்று. வங்கிகளுக்கெனத் தனிச்சட்டம் 1949இல் வந்தது.

சட்டத்துக்காகச் சென்னையார் காத்திருக்கவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி அலுவல் தொடங்கிற்று. அதற்குத் துணைநின்றோருள் நாட்டுக்கோட்டை நகரத்தார் முக்கியமானோர். இராமேசுவரம் திருக்கோயில் திருப்பணிக்குப் பெரும்பொருள் ஈந்த இச்சமூகத்தாரின் செட்டிநாட்டு ஊர்கள் பல, 1910இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கின. உண்டியலையும் வாய்ச்சொல்லையும் கொண்டே பர்மாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள், பங்குதாரர் அனைவருக்கும் கணக்குக் காட்டவேண்டிய வங்கியில் முதலிட முன்வந்ததை நாம் சிறு மாற்றமாகக் கொள்ளலாகாது.