ஆன்லைனில் வேலை தேடுகிறீர்களா? போலி ஆஃபரை கண்டுபிடிப்பது எப்படி, நல்ல வேலையைப் பிடிப்பது எப்படி?

2022-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புது டெல்லி ரயில் நிலையத்தில் ஒரு 'வேலை' பார்த்தார்கள். தினமும் 8 மணி நேரம் நடைமேடையில் நின்று, எத்தனை ரயில் வருகிறது, எத்தனை ரயில் போகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணுவதுதான் அது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், கிளார்க் போன்ற பணிகளுக்கான பயிற்சி இது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. இதற்காக ஒவ்வொருவரும் 2 லட்சத்தில் இருந்து 24 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தனர். மொத்தம் 2.67 கோடி ரூபாய். பயிற்சி உத்தரவு, அடையாள அட்டை, நியமனக் கடிதம் எல்லாமே போலி என்பது பிறகுதான் தெரிந்தது.

இதைப் படிக்கும்போது "இதைக்கூடவா நம்புவாங்க?" என்று தோன்றலாம். ஆனால் மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு படியும் நிஜம் போலவே நடந்தது. அதனால்தான் நம்பினார்கள். அது நேரில் நடந்த மோசடி. இன்று அதே நாடகத்தை ஒரு வாட்ஸ்அப் எண்ணும் ஒரு போலி இணையதளமும் வைத்துக்கொண்டே நடத்திவிட முடிகிறது.

ஆன்லைனில் வேலை தேடாமல் இருக்க முடியாது. பெரும்பாலான நிறுவனங்கள் ஆள் எடுப்பது அங்கேதான். எனவே எப்படிப் பாதுகாப்பாகத் தேடுவது, எப்படித் தேடினால் அழைப்பு வரும் என்பதை இங்கே பார்க்கலாம்.

அதிகம் நடக்கும் மோசடிகள் என்னென்ன?

1. 'டாஸ்க்' வேலை. "வீட்டிலிருந்தே தினமும் 2,000 ரூபாய் சம்பாதிக்கலாம்" என்று மெசேஜ் வரும். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட வேண்டும், ஹோட்டலுக்கு ரேட்டிங் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் உண்மையிலேயே 150 ரூபாயோ 200 ரூபாயோ உங்கள் கணக்குக்கு வரும். இதுதான் தூண்டில். அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே மற்றவர்கள் லாபம் வந்ததாக ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் பலர் மோசடி கும்பலின் ஆட்கள். பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்' ஆரம்பிக்கும். 1,000 கட்டினால் 1,300, 10,000 கட்டினால் 14,000. இணையதளத்தில் உங்கள் பேலன்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் மட்டும் "வரி கட்டுங்க", "டாஸ்க் தப்பா பண்ணிட்டீங்க, அபராதம் கட்டுங்க" என்பார்கள். 2023 டிசம்பரில் இப்படிப்பட்ட பகுதி நேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது.

2. போலி ஆஃபர் லெட்டர். பெரிய ஐ.டி. நிறுவனத்தின் லோகோவுடன் மெயில் வரும். இன்டர்வியூ சாட்டிலேயே முடிந்துவிடும், அல்லது ஐந்து நிமிட போன் கால். பிறகு லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், 'பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' கட்டணம் என்று ஏதாவது ஒரு பெயரில் பணம் கேட்பார்கள். "முதல் மாசச் சம்பளத்தோட திரும்பக் கொடுத்துடுவோம்" என்பது வழக்கமான வசனம்.

3. வங்கிக் கணக்கே வேலை. "கம்பெனி பேமென்ட் உங்க அக்கவுண்டுக்கு வரும், 5 சதவீதம் கமிஷன் எடுத்துக்கிட்டு மீதியை அனுப்புங்க." இது வேலையே இல்லை. வேறு யாரிடமோ திருடிய பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்துகிறார்கள். புகார் வந்ததும் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. போலீஸ் விசாரிக்க வருவதும் உங்களைத்தான். ஏடிஎம் கார்டையோ சிம்மையோ 'வாடகைக்கு' கொடுப்பதும் இதே கதைதான்.

4. வெளிநாட்டு வேலை. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கைநிறைய சம்பளம் என்று சொல்லி ஐ.டி. தெரிந்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் உள்ள மோசடி முகாம்களில் அடைத்த சம்பவங்கள் நடந்தன. வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. சிக்கியவர்களில் தமிழர்களும் உண்டு. 2025 மார்ச் மாதம் இரண்டே நாளில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் திரும்ப அழைத்து வரப்பட்டனர். அந்த முகாம்களில் அடைக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலை, மற்றவர்களை ஆன்லைனில் ஏமாற்றுவது.

5. போலி அனுபவச் சான்றிதழ். "இரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்று சில கன்சல்டன்சிகள் விற்பார்கள். இதில் ஏமாறுவதும் நீங்கள், மாட்டுவதும் நீங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் பணி வரலாற்றைப் பார்த்தாலே எங்கே, எப்போதிலிருந்து வேலை பார்த்தீர்கள் என்பது தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு கண்டுபிடித்தாலும் வேலை போகும்.

ஆஃபர் உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பத்து நிமிடம் போதும். கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள்.

- மெயில் முகவரியைப் பாருங்கள். அனுப்பியவரின் பெயரைப் பார்த்தால் போதாது. '@' குறிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். இலவச மெயில் முகவரியில் இருந்து பெரிய நிறுவனம் ஆஃபர் அனுப்பாது. நிறுவனத்தின் பெயரோடு 'கேரியர்ஸ்', 'எச்ஆர்', 'ஜாப்ஸ்' என்று கோடு போட்டு ஒட்டிய முகவரிகளும் சந்தேகத்துக்குரியவை. பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி வைத்திருப்பார்கள், நிதானமாகப் படியுங்கள்.

- நிறுவனத்தின் கேரியர் பக்கத்துக்கு நீங்களே போங்கள். மெயிலில் வந்த லிங்க்கை அழுத்த வேண்டாம். முகவரியை நீங்களே டைப் செய்து, அந்த வேலை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே இணையதளத்தில் உள்ள எச்.ஆர். முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பதால் எந்த நல்ல நிறுவனமும் கோபப்படாது.

- சிஐஎன் எண்ணைத் தேடுங்கள். இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட அடையாள எண் உண்டு. கம்பெனிகள் சட்டப்படி லெட்டர்ஹெட்டில் அது இருக்க வேண்டும். கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் எம்சிஏ இணையதளத்தில் அதைப் போட்டால், கம்பெனி எப்போது தொடங்கியது, பதிவு முகவரி எது, இயங்குகிறதா என்று காட்டும். "20 வருஷமா இருக்கோம்" என்று சொல்லும் கம்பெனி போன மாதம் பதிவாகியிருந்தால், விஷயம் அங்கேயே முடிந்தது.

- பி.எஃப். தளத்தில் தேடுங்கள். இது பலருக்குத் தெரியாத வழி. இபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடும் வசதி உள்ளது. எந்தெந்த மாதத்துக்கு எத்தனை ஊழியர்களுக்குப் பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 500 பேர் வேலை பார்ப்பதாகச் சொல்லும் நிறுவனம் 12 பேருக்குக் கட்டியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆனால் பி.எஃப். சட்டம் பொதுவாக 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களுக்குத்தான் பொருந்தும். எனவே சின்ன ஸ்டார்ட்அப் ஒன்று இதில் இல்லை என்பதாலேயே அது போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

- அரசு வேலை என்றால் அறிவிப்பைத் தேடுங்கள். எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கி என எதுவாக இருந்தாலும் அந்தந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ தளத்தில் அறிவிப்பு இருக்க வேண்டும். அரசுத் துறைகளின் தள முகவரி பெரும்பாலும் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும். தேர்வு எழுதாமல், பட்டியலில் பெயர் வராமல், 'கோட்டா'வில் மத்திய அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அது மோசடி.

- வெளிநாடு என்றால் ஏஜென்டின் உரிமத்தைப் பாருங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் உள்ளது. அவர்கள் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. 3 லட்சம், 5 லட்சம் என்று கேட்டால் விலகிவிடுங்கள். "முதல்ல டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்றால் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

இத்தனையையும் நினைவில் வைக்க முடியாது என்றால், ஒன்றை மட்டும் வையுங்கள்: வேலைக்குச் சேர்பவர் சம்பளம் வாங்குவார், பணம் கட்ட மாட்டார். அரசுத் தேர்வுக்கு அறிவிப்பில் உள்ள விண்ணப்பக் கட்டணம் வேறு விஷயம். அதையும் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டுமே கட்ட வேண்டும், யாருடைய யுபிஐ எண்ணுக்கும் அல்ல.

எந்த ஆவணத்தை எப்போது கொடுக்கலாம்?

விண்ணப்பிக்கும்போது பெயர், மெயில், போன் நம்பர், ஊர் போதும். ரெஸ்யூமில் முழு வீட்டு முகவரி, பிறந்த தேதி, அப்பா பெயர், ஆதார் எண், பான் எண் எதுவும் தேவையில்லை. அந்த ரெஸ்யூம் யார் யார் கைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது.

பான், வங்கி விவரம் எல்லாம் ஆஃபரை ஏற்று, நிறுவனத்தைச் சரிபார்த்த பிறகு. ஆதார் கேட்டால் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். யுஐடிஏஐ தளத்தில் டவுன்லோட் செய்யும் அந்தப் பிரதியில் கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும். ஓடிபி, யுபிஐ பின் இரண்டையும் எந்தக் கட்டத்திலும் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. பணம் பெறுவதற்கு பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்கிறது என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

அசல் சான்றிதழ்களை நிறுவனத்திடம் விட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். அதேபோல 'இன்டர்வியூவுக்காக' என்று யாராவது அனுப்பும் ஏபிகே ஃபைலையோ, திரையைப் பகிரும் ஆப்பையோ போனில் ஏற்ற வேண்டாம்.

வேலை தேடுவதற்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. எந்த மெயில் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க எளிது.

சரி, எங்கே தேடுவது?

நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டீட், ஃபவுண்டிட் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. இன்டர்ன்ஷிப் தேடுபவர்களுக்கு இன்டர்ன்ஷாலா. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2015-ல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளம் முழுக்க இலவசம். தமிழ்நாட்டுக்குள் தேடுபவர்களுக்கு, மாநில அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையம் உள்ளது. மாவட்டங்களில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்கள் பற்றிய விவரமும் அதில் வரும்.

ஒரு விஷயம்: பெரிய தளத்தில் விளம்பரம் வந்திருக்கிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. மோசடிக்காரர்களும் அங்கே பதிவு போடுகிறார்கள். மேலே சொன்ன சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அப்ளை செய்தும் அழைப்பே வரவில்லை, ஏன்?

ஒரே ரெஸ்யூமை 200 இடங்களுக்கு அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. காரணம், பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். வேலை விவரத்தில் உள்ள சொற்கள் உங்கள் ரெஸ்யூமில் இருக்கிறதா என்று அது தேடும். எனவே:

- விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறன்களில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததை, அதே சொற்களில் எழுதுங்கள். தெரியாததைப் போட வேண்டாம், இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.
- இரண்டு பத்தி வடிவமைப்பு, படம், கட்டங்கள் எல்லாம் மென்பொருளைக் குழப்பும். ஒரே பத்தியாக, எளிமையாக வையுங்கள். ஃபிரெஷர் என்றால் ஒரு பக்கம் போதும்.
- "டீமில் வேலை பார்த்தேன்" என்பதைவிட, என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்பதை எண்ணோடு எழுதுங்கள்.
- வேலைத் தளங்களில் ஆள் தேடுபவர்கள் அனுபவம், ஊர், நோட்டீஸ் பீரியட், சம்பளம் ஆகியவற்றை வைத்துத்தான் வடிகட்டுவார்கள். இந்த இடங்களைக் காலியாக விட்டால் நீங்கள் தேடலில் வரவே மாட்டீர்கள்.
- அலர்ட் வைத்துக்கொண்டு, புது விளம்பரங்களுக்கு முதல் ஓரிரு நாளிலேயே அப்ளை செய்யுங்கள்.
- அந்த நிறுவனத்தில் இருக்கும் சீனியர், பழைய சக ஊழியர் யாரிடமாவது ரெஃபரல் கேளுங்கள். "அண்ணா, வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த வேலை என்ற லிங்க், ரெஸ்யூம், நீங்கள் ஏன் பொருத்தம் என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் அவர்களுக்கும் உதவுவது எளிது.
- எங்கே, எப்போது, எந்த ரெஸ்யூம் அனுப்பினீர்கள் என்று ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள். நீங்கள் அப்ளை செய்யாத கம்பெனியில் இருந்து "செலக்ட் ஆயிட்டீங்க" என்று போன் வந்தால், அந்த ஷீட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். கூடவே உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பிறகு 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

சாட், கால் விவரம், யுபிஐ பரிவர்த்தனை எண், ஆஃபர் லெட்டர், இணையதள முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆத்திரத்தில் சாட்டை அழித்துவிட வேண்டாம். அதுதான் ஆதாரம். "இன்னும் கொஞ்சம் கட்டினா மொத்தமா திரும்ப வந்துடும்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். "நாங்க பணத்தை மீட்டுத் தர்றோம்" என்று பிறகு வரும் அழைப்புகளும் பெரும்பாலும் அடுத்த மோசடிதான்.

பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்பு மட்டும்தான் வந்தது என்றாலும் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம். ஆவணங்களைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதையும் அதே தளத்தில் பார்த்து, உங்களுடையது அல்லாததை நீக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. ஏமாந்தவர்களில் பலர் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டே, போன பணத்தைத் திரும்ப எடுக்கிறேன் என்று மேலும் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். முதல் 5,000 ரூபாய் போனபோதே ஒருவரிடம் சொல்லியிருந்தால் இழப்பு 5,000-த்தோடு நின்றிருக்கும். எனவே ஆஃபர் வந்ததும், எதற்கும் சரி என்று சொல்வதற்கு முன், அண்ணனோ அக்காவோ நண்பரோ யாராவது ஒருவரிடம் காட்டுங்கள். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணும்" என்று அவசரப்படுத்தினால், யாரிடமும் காட்டாமல் இருக்கத்தான் அந்த அவசரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.